பிழிபவள்

டோர்செர் என்றால் முறுக்குவது.
ஈரத் துணியை முறுக்கலாம், கம்பியை முறுக்கலாம்,
ஆறிப்போன சோற்றைப் பார்த்து மூக்கை முறுக்கலாம்,
பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை
வேறு மாதிரி முறுக்கி ஊர் முழுக்கச் சொல்லலாம்.
கணுக்கால் பிசகினாலும் அதே சொல்.
ஞாயிறு மூன்றரை மணிக்கு
நம் பையன்கள் ஜெயிக்க வேண்டுமென்று
தொண்டை கிழியக் கத்துவதும் அதே சொல்தான்.

பிரேசிலில், மினாஸ் மலைகளுக்கு நடுவே
சரக்கு ரயில் மட்டும் நிற்கிற ஓர் ஊரில்
ஜுராசிக்கு இந்தப் பொருள் எல்லாம் தெரியும்.
அகராதிதான் தெரியாது.
மைதானத்தின் பின்சுவரை ஒட்டி அவளுடைய சிமெண்டுத் தொட்டி.
பெரியவர்களின் சட்டை பதினொன்று,
சின்னப் பையன்களுடையது பதினொன்று.
காலுறைகளை அவள் எண்ணுவதில்லை.
எப்படியும் ஒன்று குறையும்.

ஒருநாள் வானொலியில்
வால்டெசிர் என்கிற வர்ணனையாளன்
இடைவேளையை நிரப்ப இழுத்து இழுத்துக் கதை சொன்னான்.
அந்தக் காலத்து ரியோவில் சீமாட்டிகள்
தொப்பியும் கையுறையுமாய்ப் பந்தாட்டம் பார்க்க வருவார்களாம்.
புழுக்கம் தாங்காமல் கையுறையைக் கழற்றி,
கோல் விழாத தவிப்பில்
முறுக்கு முறுக்கென்று முறுக்குவார்களாம்.
பார்த்த யாரோ 'முறுக்குகிறவர்கள்' என்று எழுதிவைக்க
அதுவே நம் எல்லோருக்கும் பெயராகிவிட்டதாம்.

ஜுராசி சோப்பைக் கீழே வைத்தாள்.
"இருக்கட்டும்.
அந்தக் கையுறைகளைத் திங்கட்கிழமை துவைத்தது யார்?"

வானொலி பற்பசையைப் புகழத் தொடங்கியிருந்தது.

(இவளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்
ரசிகை என்றுதான் கை போகிறது.
அதற்குள் ரசம் இருக்கிறது,
பிழிந்து வைத்ததை எடுத்துச் சுவைக்கிற நாக்கு இருக்கிறது.
அடித்துவிட்டு மேலே போகிறேன்.)

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவு.
காலையிலிருந்தே மழை.
சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது
அவளுக்குச் சத்தமாகத்தான் வந்து சேரும்:
நீண்ட 'ஊ' என்றால் கம்பத்தில் பட்டது,
குட்டையான 'ஊ' என்றால் நடுவரின் தாயார்.
இடைவேளையில் பதினொரு சட்டையையும்
ஒரு தகர வாளியில் போட்டுத் தூக்கிவந்தான் நெஸ்டோர்.
பந்து பொறுக்குகிற பையன், மூச்சு வாங்குகிறது.

"அடெல்மோ முறுக்கிவிட்டான்!"

"கோல்கீப்பர் முறுக்காமல்? யார் பக்கம்?"

"இடப் பக்கம். கணுக்கால்."

பதினைந்து நிமிடம். பதினொரு சட்டை.
ஒன்றாம் எண்ணை மட்டும் இரண்டு தடவை பிழிந்தாள்,
இனி அதற்குள் போகப்போவது
சவரமே தொடங்காத ஒரு கழுத்து.
சேறு போனது, மழை போனது,
அடெல்மோவின் வியர்வை போனது.
நீலக் கோடு மட்டும் போகவில்லை.

பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை.
அப்புறம் ஒரு பேரிரைச்சல்.
அது வந்த திசையைக் கேட்டாள்:
வெளியூர்க்காரர்கள் இரண்டு பேருந்தில் வந்து
இறங்கிய மூலை.

மிச்சமிருந்த எட்டு நிமிடமும்
தொட்டியருகே நின்றபடி
கைக்கு அகப்பட்டதைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.
கூரைத் தகரத்தில் சொட்டுகிற மழையை
பிழிகிறபோது விழுவதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

கீழ்ப் பிரிவிலும் சேறு அதே சேறுதான்.
திங்கட்கிழமை கொடியில் காயப்போடும்போது
என்ன தோன்றியதோ, காலுறைகளை எண்ணினாள்.
நாற்பத்து நான்கு.
இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக்
கணக்கு சரியாக வந்தது.
நம்பாமல் மறுபடி எண்ணியபோதுதான் பார்த்தாள்:
கொடியின் கோடியில், இரண்டு கவ்விகளில்,
நடுவில் அறுந்து இரண்டான ஒன்று.